நான்காம் வாசலில் போட்டு வாறன்

ஓய்வு பெறுகிற ஆளுக்குக் கேக் வெட்டி, இரண்டு வார்த்தை பேசச் சொல்வது எங்கள் ஸ்டேடியத்தில் வழக்கம். எனக்குக் கேக் மட்டும் வெட்டினார்கள். பேசச் சொல்லவில்லை. இவள் வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று பயந்துவிட்டார்கள் போல. பரவாயில்லை, எனக்கு எழுதவும் தெரியும்.

நான் கேக்கை வாயில் வைத்த நேரம் பார்த்துச் சிம்ரன் ஒரு கேள்வி கேட்டாள். டார்னெய்ட் புறநகரிலிருந்து வருகிற பஞ்சாபிப் பிள்ளை. வார நாட்களில் யுனிவர்சிட்டி, வார இறுதியில் எங்களோடு வாசலில் நிற்கிற வேலை. "அன்ரி, வெளியே போய்த் திரும்பி வருகிற ஆட்களை நாங்கள் ஏன் 'கோ அண்ட் கம்' என்று சொல்கிறோம்? டென்னிஸ் நடக்கிற இடத்தில் வேலைக்குப் போனபோது வோக்கி-டோக்கியில் அப்படிச் சொன்னேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்" என்றாள்.

அது பெரிய கதை, பிறகு சொல்கிறேன் என்றேன். பிறகு என்றால் இப்போதுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். எங்கள் கால்பந்து ஸ்டேடியத்தில் டிக்கெட்டோடு உள்ளே வந்தவர் மட்ச் முடிவதற்குள் வெளியே போனால் போனதுதான். அதே டிக்கெட்டில் திரும்பி வர முடியாது. உலகத்தில் பல ஸ்டேடியங்களில் இதே சட்டம்தான். ஆனால் எங்களிடம் ஒரு விதிவிலக்கு உண்டு. சிலருக்குப் போய்விட்டுத் திரும்பி வர அனுமதி உண்டு. அவர்களைத்தான் வோக்கியில் 'கோ அண்ட் கம்' என்போம். அந்த விதிவிலக்கு என் ஓட்டை ஆங்கிலத்தில் பிறந்தது.

என் பெயர் பரமேஸ்வரி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் கொஞ்சக் காலம் ஒதுங்கி, மெல்பேர்னுக்கு வந்து சேர்ந்தவள். சட்டையில் குத்துகிற பட்டியில் 'பாம்' என்று பெயரைச் சுருக்கித் தந்தார்கள். "நல்ல காலம், பாம்பு எண்டு எழுதாமல் விட்டாங்கள்" என்று இவர் சொன்னார். இவர் என்றால் என் கணவர். வார நாட்களில் பிஸ்கட் தொழிற்சாலை, வார இறுதியில் ஸ்டேடியம் என்று தொடங்கினேன். தொழிற்சாலையை மூடினார்கள், ஸ்டேடியம் தங்கிவிட்டது. கால்பந்து பற்றி எனக்குத் தெரிந்தது, அதன் பந்து உருண்டையாக இருக்கும் என்பது மட்டுமே. அதுவே போதும் என்று வேலைக்கு எடுத்தார்கள்.

போதும்தான். வாசலில் டிக்கெட் பார்ப்பது, பிறகு உள்ளே படிக்கட்டு ஓரத்தில் நிற்பது, அவ்வளவுதான் எங்கள் வேலை. நிற்கும்போது மைதானத்துக்கு முதுகைக் காட்டி, சனத்துக்கு முகத்தைக் காட்டி நிற்க வேண்டும். "மற்ற ஆக்கள் மட்ச் பாக்கக் காசு குடுக்கினம். உனக்குப் பாக்காமல் நிக்கக் காசு தாறாங்கள்" என்று இவர் கதை கட்டிக்கொண்டு திரிந்தார். அத்தனை வருடத்தில் ஒரு கோலை நான் நேராகப் பார்த்ததில்லை. சனத்தின் முகத்தைப் பார்த்தே யார் அடித்தது என்று சொல்லிவிடுவேன்.

இனிக் குளிருக்கு வருகிறேன். சீசன் ஒக்டோபரில் தொடங்கும். இங்கே காலண்டரில் அது வசந்தம். ஆனால் தென் துருவத்திலிருந்து வருகிற காற்றுக்குக் காலண்டர் வாசிக்கத் தெரியாது. காலையில் வெயில், மத்தியானம் மழை, மட்ச் தொடங்குகிற நேரம் பார்த்து ஆலங்கட்டி. இந்த ஊர்ச் சனம் அப்போதுதான் முட்டை வடிவப் பந்தால் ஆடுகிற தங்கள் ஆஸ்திரேலிய ஆட்டத்தின் சீசன் முடிந்து களைத்துப்போய் இருக்கும். சீசன் டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறவர்கள்கூட, கோடை வரட்டும் பார்க்கலாம் என்று கணப்புக்குப் பக்கத்தில் சுருண்டுவிடுவார்கள். ஆக, முதல் சில மட்சுகளில் வெறும் கதிரைகள்தான் கூட்டமாக இருக்கும். அந்த மட்சுகள் மனேஜர்களுக்குப் பிடிக்காது. எனக்கு அவைதான் பிடிக்கும். அதற்குக் காரணம் எங்கள் சுப்பர்வைசர் ஸ்டாவ்ரோ.

ஸ்டாவ்ரோ கிரேக்க ஆள். கட்டையான உடம்பு, பெரிய மீசை. அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கூரையே பிய்ந்து பறந்தாலும் நடந்துதான் வருவார். "சுப்பர்வைசர் ஓடினால் சனம் பயப்படும்" என்பார். அதட்ட மாட்டார். பிழை விட்டால் பக்கத்தில் வந்து நின்று மீசையைத் தடவுவார். அதைவிட நாலு பேச்சுக் கேட்கலாம் போலிருக்கும்.

குளிர் மட்சுக்கு முன்னால் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு காட்போர்ட் மட்டையைத் தருவார். பெட்டிகளைத் தட்டையாக மடித்து அவரே வெட்டிக்கொண்டு வருவது. "இதன்மேல் நில். குளிர் காற்றில் வருவதில்லை, சீமெந்திலிருந்து காலால் ஏறுகிறது" என்பார். முதல் நாள் நான் இது என்ன விசர்க்கதை என்று மட்டையைச் சுவரில் சாத்தி வைத்தேன். இடைவேளைக்குள் கால் விரல்கள் என்னுடையவையா என்ற சந்தேகம் வந்துவிட்டது. சத்தம் போடாமல் மட்டையை எடுத்துப் போட்டு ஏறி நின்றேன்.

பிறகு துவாய். மழை பெய்த நாளில் கதிரைகளைத் துடைக்க வேண்டும். எல்லாவற்றையும் துடைக்க ஆள் காணாது. ஸ்டாவ்ரோவும் ஒரு துவாயோடு இறங்குவார். "இன்று வருகிறவர்கள் கொஞ்சப் பேர். ஒவ்வொருவரும் சூடான வீட்டை விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்கள் உட்காருகிற கதிரை ஈரமாக இருந்தால் எங்களுக்கு வெட்கம்" என்பார். வாசலிலும் அப்படித்தான். "முதலில் முகத்தைப் பார், பிறகு டிக்கெட்டைப் பார்" என்பது அவர் சட்டம். கூட்டமான நாளில் அது நடக்காது, நூறு முகம் ஒன்றாக வரும். குளிர் நாளில் நடக்கும்.

அப்படி என் முதல் குளிர் மட்ச் முடிந்தது. மஞ்சள் ஜாக்கெட்டையும் டிக்கெட் மெஷினையும் ஒப்படைத்துவிட்டு, வேலைக்காரர் வாசலில் நின்ற ஸ்டாவ்ரோவிடம், வாயில் வந்ததை அப்படியே ஆங்கிலமாக்கி, "ஓகே ஸ்டாவ்ரோ, ஐ கோ அண்ட் கம்" என்று சொல்லிவிட்டு ட்ராம் பிடித்து வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டுப் படுத்தேன்.

அடுத்த ஞாயிறு போனால் மனுஷன் தொண்டை கட்டி, மூக்குச் சிவந்து நிற்கிறார்.

"பாம், நீ திரும்பி வரவே இல்லையே" என்றார்.

"எங்கே?"

"போய் வருகிறேன் என்று சொன்னாயே. எதையோ மறந்துவிட்டு எடுக்கப் போகிறாய் என்று நினைத்தேன். காத்துக்கொண்டு நின்றேன்."

கதவைப் பூட்டாமல், மட்டையின்மேல் ஏறி நின்று, காவல்காரர்கள் வந்து என்ன பிரச்சினை என்று கேட்கும்வரை நின்றிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. இருந்து விளக்கினேன். எங்கள் ஆட்கள் விடைபெறும்போது 'போறன்' என்று சொல்ல மாட்டோம். அது ஒரேயடியாகப் போகிற ஆளின் சொல். கடைக்குப் போனாலும் கனடாவுக்குப் போனாலும் 'போட்டு வாறன்' என்றுதான், அதாவது போய்விட்டு வருகிறேன் என்றுதான், சொல்வோம். நிற்கிற ஆள் 'போட்டு வாங்கோ' என்று சொல்ல வேண்டும். வருவோமா என்பது வேறு விஷயம், சொல்வது சொல்வதுதான். இப்படி நான் கை காலெல்லாம் ஆட்டிச் சொல்ல, அவர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார்.

"சரி, விளங்குகிறது. ஆனால் எத்தனை மணிக்குத் திரும்பி வருவாய்?"

விடிய விடிய இராமாயணம் கேட்டு, விடிந்த பிறகு இராமருக்குச் சீதை என்ன முறை என்று கேட்ட கதைதான். நான் தலையில் கை வைத்தேன். பிறகுதான் மீசைக்குள் சிரிப்பைக் கண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மட்ச் முடிவிலும் நான் 'கோ அண்ட் கம்' என்பேன். அவர் சாவியைத் தூக்கிக் காட்டி, "பூட்டலாமா, விடவா?" என்று கேட்பார். "பூட்டுங்கோ" என்பேன். அதில் ஒரு சந்தோஷம் எங்கள் இருவருக்கும்.

கார்த்திக்கும் அவன் தாய் வசந்தியும் வந்தது இதற்குச் சில சீசன் கழித்து. வசந்தி திருச்சிப் பக்கம். கணவரின் கம்ப்யூட்டர் வேலையோடு வந்து டார்னெய்ட்டில் வீடு எடுத்தவள். கார்த்திக் அப்போது பள்ளிக்கூடம் முடித்திருந்த பெடியன். தாயைவிட இரண்டு மடங்கு உயரம், காதில் சத்தம் தடுக்கிற பெரிய ஹெட்போன். ஓட்டிசம் உள்ள பிள்ளை. கூட்டமும் திடீர்ச் சத்தமும் தாங்க மாட்டான். ஆனால் கால்பந்து பார்க்க வேண்டும். அதிலும் கோல்கீப்பரை மட்டும் பார்க்க வேண்டும். பந்து எந்தக் கரையில் உருண்டாலும் அவனுக்குக் கவலை இல்லை. தெற்குப் பக்கம் கூரை இல்லாத இடத்தில், கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து, அங்கே தனியே நின்று குளிருக்குத் துள்ளுகிற அந்த மனுஷனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"மத்தவங்க எல்லாம் ஓடுறாங்க. அவர் மட்டும் நிக்கிறார்னு சொல்லுவான்க்கா. அவ்வளவுதான் எங்கிட்ட சொன்னது" என்றாள் வசந்தி.

கோடையில் சனம் நிரம்பினால் அவர்களால் வர முடியாது. ஆக வருடத்தில் அந்தச் சில குளிர் மட்சுகள்தான் அவனுடையவை. வீட்டில் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக் காத்திருப்பான் என்றாள். எங்கள் மனேஜர்கள் சனம் வரவில்லையே என்று அழுத அதே நாட்களுக்காக ஒருவன் வருடம் முழுக்கக் காத்திருந்தான்.

ஒரு சிக்கல் இருந்தது. சனம் குறைவென்றாலும் கோல் விழுந்தால் கத்தத்தானே செய்வார்கள். அப்போது அவன் எழுந்து நான்காம் வாசலுக்கு வந்துவிடுவான். வெளியே பூங்காவில் ஒரு பெரிய மரம் இருக்கிறது. அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றால் சரியாகிவிடும். ஆனால் வாசலில் தரையில் போட்டிருக்கிற கோட்டைத் தாண்ட மாட்டான். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று காதைப் பொத்திக்கொண்டு நடுங்குவான். அவன் ஏன் போகவில்லை என்று முதல் தடவை நான் கேட்டபோது வசந்தி ஒரு விஷயம் சொன்னாள்.

"சின்னதுல ஒரு நீச்சல் குளத்துல, பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள கதவ மூடிட்டாங்க. நேரம் முடிஞ்சுதுன்னு. உள்ள நான் இருக்கேன், வெளிய அவன். அதுக்கப்புறம் தண்ணி பக்கமே போனதில்லைக்கா. ஒரு தடவை கதவு அடைச்சுட்டா அவனுக்கு அந்த இடம் செத்துப் போச்சு. இதுவும் போயிருச்சுன்னா வேற ஒண்ணுமில்ல அவனுக்கு."

வோக்கியை எடுத்து ஸ்டாவ்ரோவைக் கூப்பிட்டேன். இப்படி ஒரு ஆள், வெளியே போய்த் திரும்பி வர வேண்டும் என்று சொல்ல வந்தவள், அவசரத்தில், "நான்காம் வாசல். ஒரு கோ அண்ட் கம்" என்றேன். "பூட்டாதே" என்று பதில் வந்தது.

கார்த்திக்கிடம் போய் நின்றேன். "தம்பி, இஞ்ச பாருங்கோ. நீங்கள் 'போட்டு வாறன்' எண்டு சொல்லுங்கோ. நான் 'போட்டு வாங்கோ' எண்டு சொல்லுவன். அப்பிடிச் சொல்லிப்போட்டால் பிறகு இந்தக் கேற்றை ஒருத்தரும் பூட்டேலாது. திரும்பி வரேக்க நான் 'வந்திட்டீங்களோ' எண்டு கேப்பன்."

வசந்தி குறுக்கே விழுந்தாள். "என்னத்தக்கா போட்டுட்டு வரச் சொல்றீங்க? குப்பையா?"

"நீங்கள் 'போயிட்டு வர்றேன்' எண்டு இழுத்து முடிக்கிறதுக்குள்ள எங்கட ஆக்கள் போட்டு வந்திடுவினம்" என்றேன்.

அவன் இரண்டு பேரையும் பார்த்தான். பிறகு என் யாழ்ப்பாண இழுப்பு மாறாமல், "போட்டு வாறன்" என்றான். "போட்டு வாங்கோ" என்றேன். கோட்டைத் தாண்டிப் போனான். மரத்தடியில் நின்றான். திரும்பி வந்து வாசலுக்கு வெளியே நின்றான். "வந்திட்டீங்களோ?" என்று நான் கேட்கும்வரை அசையவில்லை. கேட்டதும், "வந்திட்டன்" என்று உள்ளே வந்தான். வசந்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் மூக்கைத் துடைத்தேன். குளிர் என்று சொல்லிக்கொண்டோம்.

இப்படிச் சில சீசன் போனது. பிறகு புது மனேஜர் ஒருவர் வந்தார். கெட்ட ஆள் இல்லை. வந்த புதிதில் எல்லோருக்கும் ஒரு வேகம் இருக்குமே, அது அவருக்கும் இருந்தது. அந்த வருடம் முதல் மட்ச் ஞாயிறு பின்னேரம். வானம் கறுத்து, காற்று எலும்பைத் தேடியது. வந்த சனம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி இருக்க, டிவியில் வெறும் கதிரையாகத் தெரிகிறது என்று மேலிடத்திலிருந்து அவருக்குப் போன் வந்ததாம். தெற்குப் பக்கத்தை மூடு, எல்லோரையும் மேற்குப் பக்கம் கூரைக்குக் கீழே கொண்டுவந்து நெருக்கி இருத்து என்று உத்தரவு போட்டார். சனத்துக்கும் நனையாமல் நல்லதுதான். ஆனால் மேற்குப் பக்கத்தில்தான் மேளக்காரர் இருந்தார்கள், ரசிகர் கூட்டத்தின் பெரிய மேளங்களோடு.

கொஞ்ச நேரத்தில் கார்த்திக் நான்காம் வாசலுக்கு வந்துவிட்டான். முகம் வெளிறியிருந்தது. "போட்டு வாறன்" என்றான். "போட்டு வாங்கோ" என்றேன். போனான்.

அவன் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்திருப்பான், வோக்கியில் மனேஜரின் குரல் வந்தது. வேறொரு வாசலால் வெளியே போன இளந்தாரிகள் சிலர் காரில் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, உள்ளே விடச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறார்கள். "எல்லா வாசல்களும் கவனிக்கவும். வெளியே போன ஒருவரும் திரும்பி உள்ளே வரக்கூடாது. ஒரு விதிவிலக்கும் இல்லை."

"நான்காம் வாசல்" என்றேன் நான். "ஒரு கோ அண்ட் கம் வெளியே இருக்கிறார்."

"முடியாது" என்றது மனேஜரின் குரல்.

அந்த நேரம் பார்த்து ஆலங்கட்டி கொட்டத் தொடங்கியது. கார்த்திக் மரத்தடியிலிருந்து வந்தான். வாசலுக்கு வெளியே, தான் வழக்கமாக நிற்கிற இடத்தில் வந்து நின்றான். கதவு திறந்துதான் இருந்தது. தலையில் ஹெட்போன்மேல் ஆலங்கட்டி விழுந்து தெறித்தது. ஓடி உள்ளே வர வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நான் கேட்க வேண்டும். 'வந்திட்டீங்களோ' என்ற அந்த ஒரு சொல். அதைக் கேட்டால் உள்ளே வா என்று அர்த்தம். கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. கேட்காவிட்டால் இந்த இடமும் அவனுக்கு அந்த நீச்சல் குளம் போல ஆகிவிடும். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மனேஜர் வந்துவிட்டார். மெல்லிய சப்பாத்து, நனைந்த கோட். "என்ன நடக்கிறது இங்கே? வாசலை மூடு" என்றார். நான் மூடவில்லை. அவனை உள்ளே கூப்பிடவுமில்லை. எனக்கு வேலை போனால் போகட்டும் என்ற துணிவு வந்துவிட்டது என்று இப்போது எழுத ஆசைதான். உண்மையில் என்ன செய்வதென்று தெரியாமல் மட்டையின்மேல் அப்படியே நின்றேன்.

அப்போதுதான் மனேஜருக்குப் பின்னால் ஸ்டாவ்ரோவைக் கண்டேன். நடந்து வந்துகொண்டிருந்தார். ஓடி வாருமேன் மனுஷா என்று என் நெஞ்சு கத்தியது. அவர் அதே நடையில் வந்து, மனேஜருக்குப் பக்கத்தில் நின்று, மீசையைத் தடவினார்.

"என்ன சட்டம் சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

"வெளியேறிய ஒருவரும் திரும்பி வரக்கூடாது."

"நல்ல சட்டம். ஆனால் இவர் வெளியேறவில்லை."

மனேஜர் வாசலுக்கு வெளியே நனைந்துகொண்டு நிற்கிற ஆளைக் காட்டினார். பார்த்தால் தெரியவில்லையா என்பது போல.

"இவர் போகிறேன் என்று சொல்லவில்லை. போய் வருகிறேன் என்று சொன்னார்" என்றார் ஸ்டாவ்ரோ. "பாம் எங்களுக்காகச் சரி என்று சொன்னாள். அவர்கள் பாஷையில் அப்படிச் சொன்ன ஆள் இன்னும் போகவில்லை. பாதி இங்கேதான் நிற்கிறார். நான் ஒரு தடவை அந்தச் சொல்லுக்காக இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நின்றவன். எனக்குத் தெரியும்."

மனேஜர் என்னைப் பார்த்தார். "இது உண்மையா?"

"ஓம்" என்றேன். பதட்டத்தில் 'யெஸ்' என்கிற ஆங்கிலம்கூடப் போய்விட்டது. அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அவர் கார்த்திக்கைப் பார்த்தார். முதல் தடவையாக முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "ஒருவர்தானே" என்றார். திரும்பி நடந்தார். ஸ்டாவ்ரோ என்னிடம் தலையை அசைத்தார்.

"வந்திட்டீங்களோ?" என்றேன். குரல் எங்கேயோ போய் வந்தது.

"வந்திட்டன்" என்றான் கார்த்திக்.

உள்ளே வசந்தி தேடி ஓடி வந்துகொண்டிருந்தாள். ஸ்டாவ்ரோ தன் துவாயால் அவன் ஹெட்போனையும் தோளையும் துடைத்தார், கதிரை துடைப்பது போலவே, மூலை முடுக்கு விடாமல். அவன் அதற்கு இடம் கொடுத்தான். யாரையும் தொட விடாத பிள்ளை அது.

அடுத்த மட்சுக்கு முன்னால் எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்துப் புது விதியை வாசித்தார்கள். வெளியே போனவர்கள் திரும்பி வர முடியாது, கோ அண்ட் கம் தவிர. மனேஜரே சேர்த்துக்கொண்டார். குளிர் மட்சுகளில் தெற்குப் பக்கம் ஒரு பகுதியாவது திறந்திருக்கும் என்பதும் அவர் போட்டதுதான். பிறகு சத்தம் தாங்காத வேறு பிள்ளைகளும், ஒரு வயதான இத்தாலியரும்கூட அந்தப் பெயரில் போய் வந்தார்கள். இதுதான் சிம்ரன், உன் கேள்விக்குப் பதில்.

ஸ்டாவ்ரோ எனக்கு முன்னமே ஓய்வு பெற்று, மகளோடு இருக்க வெயில் கூடிய குயின்ஸ்லாந்துக்குப் போனார். குளிருக்குப் பயந்து ஓடுகிறீர்கள் என்று நக்கல் அடித்தேன். கடைசி நாள் சாவியை என் கையில் தந்துவிட்டு, ரகசியமாகப் பழகி வைத்திருந்ததைத் தமிழில் சொன்னார். "போட்டு வாறான்" என்றார். ஒரு துணைக்கால் கூடிவிட்டது. தான் வருகிறேன் என்று சொல்லாமல், யாரோ ஒருவன் வருகிறான் என்று சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. "போட்டு வாங்கோ" என்றேன். திரும்பி வீட்டுக்கு வரும்வழியில் ட்ராமில் அழுதேன்.

நான் ஓய்வு பெற்றது போன சீசன் முடிவில். வாசல்களில் இப்போது தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவுகள். போனைக் காட்டினால் பச்சை, ஒருதரம் வெளியே போன டிக்கெட் என்றால் சிவப்பு. இந்தச் சீசன் முதல் மட்சுக்கு நானும் காசு கொடுத்து டிக்கெட் எடுத்து, தெற்குப் பக்கம் வசந்திக்கும் கார்த்திக்குக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கார்த்திக் இப்போது ஒரு நர்சரியில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற வேலை செய்கிறான். வாழ்க்கையில் முதல் தடவையாக மைதானத்துக்கு முகத்தைக் காட்டி இருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அலுப்பாக இருந்தது. காற்று கோட்டுக்குள் புகுந்தது, முழங்கால் நோகத் தொடங்கியது. இடைவேளையில் எழுந்துவிட்டேன்.

"வசந்தி, கார்த்திக், நான் போட்டு வாறன்."

"போயிட்டு வாங்கக்கா. வீட்டுக்குப் போனதும் ஒரு மெசேஜ் போடுங்க" என்றாள் வசந்தி.

கார்த்திக் என்னை நிமிர்ந்து பார்த்து, "போட்டு வாங்கோ" என்றான். என்னைப் போலவே சொல்கிறானே என்ற பெருமையோடு நடந்தேன்.

ட்ராம் தரிப்பிடத்துக்கு வந்து கையுறையைப் போடுகிறேன், போன் அடித்தது. வசந்தி.

"அக்கா, எங்க இருக்கீங்க? இவன் நாலாவது கேட்டுக்குப் பக்கத்துல வந்து நிக்கறான். கூப்பிட்டா வரமாட்டேங்கறான். நீங்க வர்றேன்னு சொன்னீங்கங்கறான்."

"ஐயோ, அது சும்மா சொல்லுறது, வசந்தி."

"எனக்குத் தெரியுதுக்கா. அவனுக்கு எப்படிச் சொல்ல?"

உள்ளே இரண்டாம் பாதி தொடங்கிவிட்ட ஊதல் எனக்குக் கேட்டது. எங்கள் அணியின் கோல்கீப்பர் தெற்குப் பக்கத்துக்கு மாறி வந்திருப்பார். அதைப் பார்க்கத்தான் அவன் வருடம் முழுக்கக் காத்திருந்தான். அதை விட்டுவிட்டு எனக்காக வாசலில் நிற்கிறான். ட்ராம் வந்தது. நான் ஏறவில்லை.

முழங்காலைத் திட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன். நான்காம் வாசலில் போனைக் காட்டினேன். சிவப்பு எரிந்தது. பக்கத்தில் நின்ற சிம்ரன் என்னையும் பார்த்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற கார்த்திக்கையும் பார்த்தாள். வோக்கியை வாயருகே எடுத்தாள்.

"நான்காம் வாசல். ஒரு கோ அண்ட் கம்."

கதவு திறந்தது. கார்த்திக் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து நின்றான். அவன் காலுக்குக் கீழே சிம்ரனின் காட்போர்ட் மட்டை கிடந்தது. அவள் வெறும் சீமெந்தில் நின்றாள். நான் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டேன். கேட்காமல் உள்ளே போகக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

"வந்திட்டீங்களோ?" என்றான்.

"வந்திட்டன், தம்பி" என்றேன்.

மட்ச் முடியும்வரை இருந்தேன். யார் வென்றது என்று கேட்காதீர்கள், நானும் கோல்கீப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்த பிறகுதான் புதுச் சங்கடம் வந்தது. இப்போது எப்படி விடைபெறுவது? போட்டு வாறன் என்றால் திரும்பவும் காத்து நிற்பான். அவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் 'போறன்' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை என் சீவியத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. வாயைத் திறந்து பார்த்தேன். வரவில்லை.

"அடுத்த மட்சுக்குப் போட்டு வாறன், தம்பி" என்றேன்.

அவன் யோசித்தான். காலண்டரில் வட்டம் தேடுகிறான் என்று நினைக்கிறேன். பிறகு, "போட்டு வாங்கோ" என்றான். தாயோடு கார் பக்கம் நடந்தான், திரும்பிப் பார்க்காமல்.

எனக்கு முழங்கால் நோ. குளிர் ஒத்துக்கொள்ளாது. கால்பந்தும் அப்படியொன்றும் பிடிக்காது. அடுத்த மட்சுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.